தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் முன் ஹோஸின் சூட்டைப் பாருங்கள்

கார் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) மீது சந்தேகமா? ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மலிவான இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டரின் மேல் ஹோஸுக்கு நேரே ஓர் அடிக்கும் குறைவான தூரத்தில் பிடியுங்கள். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் ஹோஸ் சில நிமிடங்கள் அதிகம் சூடாகாது. பெரும்பாலான கார்களில் கூலன்ட் 82 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் எட்டி வால்வு திறந்ததும் எண் கிடுகிடுவென ஏறும். தொடக்கத்திலிருந்தே நிதானமாக ஏறிக்கொண்டே போனால் வால்வு மூடாமல் சிக்கியிருக்கலாம். டேஷ்போர்டு முள் சிவப்பைத் தொடப்போகிறது, ஹோஸின் சூடு மட்டும் ஏறவில்லை என்றால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள்: வால்வு திறக்கவில்லை, அல்லது கூலன்ட் குறைந்திருக்கிறது.

ஹோஸ் மங்கலான கறுப்பு ரப்பர் என்பதால்தான் அளவு சரியாக வருகிறது. பளபளக்கும் அலுமினியம் வெப்பக் கதிரைக் குறைவாகவே வீசும்; கருவி பல டிகிரி குறைத்துக் காட்டிவிடும். அங்கே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் அளந்து பாருங்கள்.

தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும் கார்களுக்கு இந்த மேல் ஹோஸ் சோதனை பொருந்தாது. காய்ச்சல் பார்க்கும் நெற்றித் தெர்மாமீட்டரும் உதவாது, அது உடல் சூட்டைத் தாண்டிக் காட்டாது.