முடி, இறகு, பட்டு: கெரட்டினைச் சோதித்து வகைப்படுத்தும் செய்முறை

முடி, கோழி இறகு, பட்டு நூல் மூன்றையும் நெருப்பில் காட்டினால் ஏறக்குறைய ஒரே பொசுங்கல் வாடைதான் வரும். மூன்றும் புரதம். மூன்றுமே தண்ணீரில் கரையாத நார். அதை வைத்துப் பட்டையும் கெரட்டின் கணக்கில் சேர்த்து எழுதுகிற மாணவர்கள் நிறையப் பேர். கெரட்டின் என்பது முடி, இறகு, நகம், கொம்பு போன்றவற்றின் புரதம். பட்டு கெரட்டின் இல்லை, ஃபைப்ராயின் என்ற வேறு புரதம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது கந்தகம். கல்லூரி முதலாண்டு ஆய்வகத்தில் உள்ள பொருள்களைக் கொண்டே இதைச் செய்து பார்த்துவிடலாம். வீட்டுச் சமையலறையில் செய்யக் கூடாது. சூடான காரமும் ஈய உப்பும் கையாள வேண்டியிருக்கிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் பக்கத்தொடரில் ஒரு கந்தக அணு இருக்கிறது. இரண்டு சிஸ்டீன்கள் கந்தகத்தோடு கந்தகம் கைகோத்தால் அது சிஸ்டின். அந்த இணைப்புதான் டைசல்பைடு பிணைப்பு. பக்கத்துப் பக்கத்துப் புரதத் தொடர்களை இது இறுக்கிக் கட்டுவதால்தான் முடியும் நகமும் கொம்பும் தண்ணீரில் கரைவதில்லை, பெப்சின், டிரிப்சின் போன்ற செரிமான நொதிகளுக்கும் எளிதில் மசிவதில்லை. 1899-இல் மார்னர் என்ற ஸ்வீடன் வேதியியலாளர் கொம்பிலிருந்துதான் சிஸ்டினைப் பிரித்தெடுத்தார்.

நூறு அமினோ அமிலங்களை எண்ணினால் மனித முடியில் சுமார் 17 சிஸ்டீன், ஆட்டுக் கம்பளியில் சுமார் 10, கோழி இறகில் சுமார் 7 இருக்கும். முடியில் குளுட்டாமிக் அமிலமும் செரினும் கூடுதல். இறகில் செரின், கிளைசின், புரோலின் மூன்றும் தூக்கலாக இருக்கும். பட்டு ஃபைப்ராயினோ வேறு கதை: கிளைசின் சுமார் 45, அலனின் சுமார் 30, செரின் சுமார் 12. சிஸ்டீன் இல்லையென்றே சொல்லிவிடலாம்.

மாதிரிகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாதிரிக்கு அலைய வேண்டியதில்லை. கோழிக்கடையில் பிராய்லரின் வெள்ளை இறகு, சலூனில் நரைமுடி, பட்டுப்புழு வளர்க்கும் விவசாயியிடம் ஒரு வெண்கூடு கிடைத்தால் போதும். மாட்டுக்கு லாடம் அடிக்கும் இடத்தில் விழும் குளம்புச் சீவலும் நல்ல மாதிரி. கொம்புத் தூள் எடுப்பதானால் பொங்கலுக்குப் பூசிய வண்ணத்தை முழுக்கச் சுரண்டிவிட்டு உள்பகுதியை மட்டும் அராவுங்கள். கம்பளி நூலைக் கடையில் வாங்கினால் முதலில் எரித்துப் பாருங்கள். உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் அது அக்ரிலிக் போன்ற செயற்கை இழை, புரதமே அல்ல.

நரைமுடிதான் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கருமுடியில் உள்ள மெலனின் காரத்தில் கரைந்து திரவத்தைக் காபி நிறத்துக்குக் கொண்டுபோய்விடும். அதற்குப் பிறகு வரும் கறுப்பு கந்தகத்தாலா, மெலனினாலா என்று சொல்லவே முடியாது. டை அடித்த முடியையும் பிளீச் செய்த முடியையும் ஒதுக்குங்கள். பிளீச் செய்யும்போது சிஸ்டினில் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றம் அடைந்து சிஸ்டீயிக் அமிலமாக மாறிவிடும். அந்தக் கந்தகத்தை இந்தச் சோதனை காட்டாது.

படி 1: சுத்தம் செய்தல்

முடியைச் சோப்பு நீரில் கழுவி, அலசி, அசிட்டோனில் அரை மணி நேரம் ஊறவைத்து உலர்த்துங்கள். பக்கத்தில் சுடர் இருக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் மிஞ்சியிருந்தால் காரத்தில் அது சோப்பாகி, குழாயில் நுரை பொங்கும்.

இறகின் அடித்தண்டில் ரத்தம் ஒட்டியிருக்கும். தண்டை வெட்டி எறிந்துவிட்டு, மேலே உள்ள மெல்லிய இழைகளை மட்டும் எடுத்து அதே முறையில் கழுவுங்கள்.

பட்டுக்கூட்டைப் பிளந்து உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவையும் அது உரித்துப் போட்ட தோலையும் எடுத்துவிடுங்கள். புழுவின் புரதத்தில் கந்தகம் இருக்கிறது. சிறிது ஒட்டியிருந்தாலும் முடிவு கெட்டுவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் சோடியம் கார்பனேட் போட்டு, அதில் கூட்டை 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள். செரிசின் என்ற பசை கரைந்து கூட்டின் எடையில் கால்பங்கு போல இறங்கிவிடும். மிஞ்சுவது பஞ்சு போன்ற ஃபைப்ராயின். நன்றாக அலசி உலர்த்துங்கள்.

படி 2: கரைசல்கள்

சோடியம் ஹைட்ராக்சைடு 20 கிராமை 80 மில்லி தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைத்து, ஆறிய பின் 100 மில்லி ஆக்குங்கள். குருணை மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், சூட்டில் தெறிக்கும். லெட் அசிடேட் என்ற ஈய உப்பு 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரையுங்கள். கலங்கலாக இருந்தால் சில துளி அசிட்டிக் அமிலம் விட்டால் தெளியும்.

இரண்டுக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். நம் பக்கத்து போர் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் ஈயத்தோடு சேர்ந்து வெள்ளையாகத் திரியும். காரத்தோடு சேர்ந்தாலும் மக்னீசியம் வெண்கலங்கலாக இறங்கும். மங்கலான பழுப்பு நிறத்தை அந்தக் கலங்கல் மறைத்துவிடும்.

படி 3: கந்தகச் சோதனை

ஆறு சோதனைக் குழாய்கள் எடுங்கள். முதல் குழாயில் முடி, இரண்டாவதில் இறகு, மூன்றாவதில் பட்டு, ஒவ்வொன்றும் 50 மில்லிகிராம், 2 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கியது. நான்காவதில் முட்டை வெள்ளைக்கரு அரை மில்லி. ஐந்தாவதில் மாதிரி எதுவும் வேண்டாம், அது ஒப்பிட்டுப் பார்க்க. ஆறாவதில் மறுபடி முடி 50 மில்லிகிராம், ஆனால் இதில் கடைசி வரை ஈயம் சேர்க்கப் போவதில்லை, இதுவும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

எல்லாவற்றிலும் 3 மில்லி காரக் கரைசல் விட்டு, கொதிக்கும் வாட்டர் பாத்தில் 15 நிமிடம் வையுங்கள். நேரடிச் சுடரில் காட்டினால் கொதிகாரம் குழாயை விட்டு எகிறும், பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவர் கண் போய்விடும். முடி முதலில் கொழகொழப்பாகி, பிறகு கரையும். ஆறவிட்டு, முதல் ஐந்து குழாய்களிலும் 1 மில்லி லெட் அசிடேட்டை மெதுவாக விட்டுக் குலுக்குங்கள். முதலில் வரும் வெள்ளை வீழ்படிவு குலுக்கியதும் கரைந்துவிட வேண்டும். பிறகு மீண்டும் 5 நிமிடம் சூடாக்குங்கள்.

சூடான காரம் சிஸ்டினை உடைத்துச் சல்பைடாக விடுவிக்கிறது. அது ஈயத்தோடு சேர்ந்து கறுப்பு லெட் சல்பைடு ஆகிறது. முடி நன்றாகக் கறுக்கும். இறகும் கறுக்கும், சற்றுக் குறைவாக. பட்டு வெளிறியே நிற்கும். ஈயத்தைச் சில துளிகள் மட்டும் விட்டால் அது முதலிலேயே தீர்ந்துபோய், முடியும் இறகும் ஒரே அளவு கறுத்ததுபோலத் தெரியும். ஒரு மில்லி என்று சொன்னது அதற்காகத்தான். மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலும் கந்தகம் உண்டு, ஆனால் காரம் அதை விடுவிப்பதில்லை. ஆகவே இது சிஸ்டீன், சிஸ்டின் கந்தகத்துக்கான சோதனை.

நான்காவது குழாயைப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கருவும் கறுத்திருக்கும்! கறுத்ததெல்லாம் கெரட்டின் அல்ல. வெள்ளைக்கரு தண்ணீரில் கலந்துவிடும், முடி கலக்காது. கரையாமையும் கந்தகமும் சேர்ந்து இருந்தால்தான் கெரட்டின் என்று எழுதலாம்.

படி 4: ஆல்பாவா, பீட்டாவா?

கெரட்டின் தொடர்கள் சுருளாக இருந்தால் ஆல்பா வகை, நீண்டு மடிந்த தாளாக இருந்தால் பீட்டா வகை. 10 செ.மீ. முடியை இரு முனையிலும் செலோடேப் ஒட்டி, தண்ணீரில் நனைத்து, அளவுகோல் மேல் வைத்து 12 அல்லது 13 செ.மீ. வரை மெதுவாக இழுங்கள். விட்டுவிட்டு மறுபடி தண்ணீரில் போட்டால் பழைய நீளத்துக்கே சுருங்கும். உள்ளே சுருள்வில் போல இருக்கும் ஆல்பா சுருள்கள் நீண்டு, பிறகு திரும்புகின்றன. 1930-களில் ஆஸ்ட்பரி என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் எக்ஸ்-கதிர் படங்களில் கம்பளியை இழுக்கும் முன்னும் பின்னும் பார்த்து ஆல்பா, பீட்டா என்று பிரித்ததன் அடிப்படை இதுதான். இறகிழை இப்படி நீளாது. அதன் தொடர்கள் ஏற்கெனவே நீட்டி மடிந்த பீட்டா தாள்களாக இருக்கின்றன. இது குறிப்பு காட்டும் சோதனைதான், உறுதிக்கு எக்ஸ்-கதிர் வேண்டும்.

குறிப்பேட்டில் இப்படி எழுதுங்கள். கெரட்டின் இழைப் புரதம், பழைய பாகுபாட்டில் ஸ்க்ளீரோபுரதம், அதாவது கரையாத கடினப் புரதம். பாலூட்டிகளின் முடி, நகம், கொம்பு, குளம்பு, தோல் ஆல்பா வகை. பறவை, ஊர்வனவற்றின் இறகு, அலகு, செதில் பீட்டா வகை. ஆல்பாவுக்குள் முடியும் கொம்பும் கந்தகம் மிகுந்த கடினக் கெரட்டின், மேல்தோலில் உள்ளது கந்தகம் குறைந்த மென்கெரட்டின். மனிதரில் 54 கெரட்டின் மரபணுக்கள்: அமிலத் தன்மையுள்ள முதல் வகை 28, நடுநிலை அல்லது காரத் தன்மையுள்ள இரண்டாம் வகை 26. ஒவ்வொரு இழையும் முதல் வகையில் ஒன்றும் இரண்டாம் வகையில் ஒன்றும் முறுக்கிக்கொண்ட ஜோடிகளால் ஆனது.

அமினோ அமில எண்கள் எப்படி வருகின்றன?

மாதிரியை 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், காற்று நீக்கி மூடிய குழாயில், 110 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து உடைத்து, அமினோ அமிலங்களோடு சேர்ந்து நிறம் தரும் நின்ஹைட்ரினால் அளக்கிறார்கள். புரோலின் மஞ்சள், மற்றவை ஊதா. இதில் டிரிப்டோஃபான் அழிந்துவிடும். குளுட்டாமின் குளுட்டாமிக் அமிலமாகிவிடும், அதனால் முடியின் குளுட்டாமிக் அளவு இரண்டும் சேர்ந்த கணக்கு. சிஸ்டினும் ஓரளவு சிதையும். எனவே முன்கூட்டியே பெர்ஃபார்மிக் அமிலத்தால் சிஸ்டீயிக் அமிலமாக்கி அளந்த எண்ணையே நம்புங்கள். கெரட்டின் அட்டவணை எதைப் பார்த்தாலும், சிஸ்டினை இப்படி அளந்தார்களா என்று சொல்லும் அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.

கழிவு

ஈயக் கரைசல்களைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஐந்து குழாய்களையும் ஒரே பிளாஸ்டிக் குடுவையில் சேர்த்து, 'ஈயக் கழிவு, காரம்' என்று சீட்டு ஒட்டி, ஆய்வக உதவியாளரிடம் ஒப்படையுங்கள். ஆறாவது குழாயில் ஈயம் இல்லை. நீர்த்த அமிலத்தால் அதை நடுநிலையாக்கி, தண்ணீர் திறந்துவிட்டு ஊற்றலாம். அமிலம் பட்டதும் அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு, நச்சு வாயு, ஆகவே இதைப் புகைக்கூண்டுக்குள் வைத்தே செய்யுங்கள்.