பின்பக்கச் சத்தமா? டிபரன்ஷலைக் கடைசியாகத் திறவுங்கள்

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் ஓடுகின்றன. அவற்றில் வேலை பழக ஆசையோடு வரும் இளம் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் பின்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டவுடன் அவர்கள் செய்கிற வேலையைப் பார்த்தால், நாங்கள் அந்த வயதில் விட்ட அதே பிழைகள் திரும்பவும் நடக்கின்றன. ஒயில் குறைவு, இறுக்காத நட், டிக்கியில் உருளும், காரை உயர்த்தும் ஜக் இவையெல்லாம் எவருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். பெரும்பாலும் எம்ஜிபி என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரை வைத்தே சொல்கிறேன். 1962 முதல் 1980 வரை வந்த கார் அது. பின்னால் ஒரே அச்சு, இரண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங். படிப்பதற்கு இதைவிட நல்ல கார் இல்லை.

ஓட்டிப் பார்க்காமல் ஸ்பானர் எடுப்பது

முதலில் காரை எடுத்துக்கொண்டு போங்கள். செங்கலடி தாண்டி பதுளை வீதியில் வயல்வெளிப் பக்கம் போனால் சனநெரிசல் இல்லாமல் சத்தத்தைத் தனியே கேட்கலாம். எக்ஸலரேட்டரை மிதிக்கும்போது ஊளை வருகிறதா, காலை எடுத்தவுடன் வருகிறதா, ஒரே வேகத்தில் போகும்போதா என்று கேளுங்கள். காலை வைத்து எடுக்கும்போது மாறும் ஊளை டிபரன்ஷலை, அதாவது பின் அச்சின் நடுவில் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர்த் தொகுதியை, காட்டும். வளைவில் ஒரு பக்கம் பாரம் சாயும்போது உறுமல் கூடினால் சக்கர பேரிங். தார் மாறும் இடத்தில் சத்தமும் மாறினால் அது டயர்தான்.

‘டொக்’ சத்தத்துக்கு இன்னும் எளிய வழி உண்டு. நியூட்ரலில் போட்டு ஒரு வேகத்தடையில் மெதுவாக உருள விடுங்கள். அப்போது தட்டினால் சஸ்பென்ஷன். மேடு பள்ளமே இல்லாத இடத்தில் கிளட்சை விடும்போது மட்டும் தட்டினால், எஞ்சினிலிருந்து சக்கரம் வரை சக்தி போகும் பாதையில் எங்கோ விளையாட்டு, அதாவது தளர்ந்த இடைவெளி, இருக்கிறது.

எஞ்சின் பக்கமிருந்து வரும் நீளத் தண்டுதான் ஷாப்ட்; அதோடு சுற்றும் சின்னக் கியர் பினியன், அது சுழற்றும் பெரிய கியர் குரோன். எம்ஜிபியின் பின் அச்சில் பினியனுக்கு 11 பல், குரோனுக்கு 43 பல். ஆகவே சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாப்ட் ஏறக்குறைய நாலு முறை சுற்றும். மெதுவாக ‘தொம் தொம்’ என்றால் சக்கரம் சுற்றும் கணக்கு. அதே வேகத்தில் வேகமான அதிர்வாக வந்தால் ஷாப்ட் சுற்றும் கணக்கு. இதைக் காதால் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

டிபரன்ஷலைத் திறந்துவிடுவது

எனக்கு இன்றும் கோபம் வரும் விஷயம் இது.

கல்லடிப் பக்கத்திலிருந்து ஒரு எம்ஜிபி வந்தது. கம்பிச் சக்கரம் போட்ட, நல்ல நிலையில் இருந்த கார். கிளட்சை விட்டால் ஒரு ‘டொக்’, ரிவர்ஸ் போட்டால் இன்னொரு ‘டொக்’. அதற்கு முன் வேறொரு இடத்தில் வேலை செய்யும் ஒரு பையன் டிபரன்ஷலைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறான். பின் மூடியைக் கழற்றி, பேரிங் மூடிகளை அடையாளம் வைக்காமல் எடுத்து, ஷிம்கள் என்ற மெல்லிய தகட்டு வளையங்களைக் கலந்து, எல்லாம் திரும்பப் பூட்டியிருக்கிறான். கார் என்னிடம் வரும்போது பழைய ‘டொக்’ அப்படியே இருந்தது. புதிதாக ஒரு ஊளையும் சேர்ந்திருந்தது. “அண்ண, எல்லாத்தையும் துடைச்சுத்தான் பூட்டினனான்” என்றான். “துடைச்சது சரி மனே, எது எந்தப் பக்கம் இருந்ததெண்டு பாத்தியா?” என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை.

குரோனும் பினியனும் தொழிற்சாலையில் சோடியாக உரசிப் பொருத்தப்பட்டவை. அவை ஒன்றையொன்று தொடும் இடத்தைத் தீர்மானிப்பவை அந்த மெல்லிய ஷிம்கள். பேரிங் மூடிகள் அவற்றின் இடத்திலேயே வைத்துக் கடையப்பட்டவை. இடதை வலதில் போட்டால் பேரிங் சரியாக உட்காராது. 1965இல் கூரை மூடிய ஜிடி மாடலோடு வந்து, பிறகு திறந்த மாடலுக்கும் போன குழாய் வகை அச்சில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பினியன் தண்டில் இரண்டு பேரிங்குக்கும் நடுவே நசுங்கிக் கொடுக்கும் ஒரு ஸ்பேசர் இருக்கிறது. ஒயில் சீல் மாற்றப் போய் பினியன் நட்டை வெறும் பலத்தில் இறுக்கினால் அது அளவுக்கு மேல் நசுங்கும், பேரிங் இறுகும், சில காலத்தில் அதுவும் போய்விடும். நல்ல சோடி கிடைக்க, கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தை முழுக்க அலைய வேண்டும். கிடைக்காவிட்டால் இங்கிலாந்திலிருந்து எடுப்பிக்க வேண்டும். ஒரு சத்தத்தைத் தேடிப் போய் உரிமையாளர் தலையில் இவ்வளவு செலவைக் கட்டுவது நியாயமே இல்லை.

அந்தக் காரின் நோய் எங்கே இருந்தது? கம்பிச் சக்கரம், அச்சு முனையில் இருக்கும் ஹப்பில் உட்காரும் ஸ்பிளைன் பற்களில். பின் சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்தி, ஹப்புக்கும் சக்கரத்துக்கும் குறுக்கே சோக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினேன். கோடு இரண்டாக உடைந்தது. ஹப் அசையவில்லை, சக்கரம் மட்டும் அசைந்தது. பற்கள் தேய்ந்து கத்தி முனை மாதிரி கூராகியிருந்தன.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரம் போட்டால் புதுப் பற்களையும் அது சீக்கிரம் தின்றுவிடும். ஹப், சக்கரம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பற்களில் கிரீஸ் இருக்க வேண்டும். நடு நட்டும் நன்றாக இறுகியிருக்க வேண்டும். காரின் இடப்பக்கத்துக்கு வலஞ்சுழி மரை, வலப்பக்கத்துக்கு இடஞ்சுழி மரை. பக்கம் மாறி ஹப் பூட்டினால் ஓட ஓட நட் தளரும், உயிருக்கே ஆபத்து.

சரி, ஸ்பிளைன் நல்லாக இருந்தால்? அடுத்தது ஷாப்டின் முனையில் வளைந்து கொடுக்கும் குரோஸ் ஜொயின்ட். கார் கியரில் இருக்க, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, ஜொயின்டின் இரு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். கண்ணுக்குத் தெரிய அசைந்தால் போச்சு. கிண்ணங்களைச் சுற்றிச் சிவந்த துருத்தூள் இருந்தால் கிரீஸ் காய்ந்து கனகாலம். மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போன்ற கீச்சுச் சத்தமும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் உப்புக்காற்று இந்த வேலையைச் சீக்கிரமே செய்துவிடும்.

பிறகு யூ போல்ட். ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் இந்த போல்ட்கள் தளர்ந்தாலும், ஸ்பிரிங்கின் நடு போல்ட் முறிந்தாலும் அச்சே கொஞ்சம் நகரும். அந்த ‘டொக்’கும் டிபரன்ஷல் மாதிரியே கேட்கும்.

இவை எல்லாம் சரி என்றால்தான் டிபரன்ஷல் பக்கம் திரும்பலாம். நியூட்ரலில் போட்டு, ஹாண்ட் பிரேக் இழுத்து, அச்சின் மூக்கில் ஷாப்ட் பூட்டப்படும் பிளாஞ்சை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் விளையாட்டு இருப்பது வழக்கம், பயப்படாதீர்கள். அதிகம் என்றாலும் குரோனைத் தொடத் தேவையில்லை. பெரும்பாலும் உள்ளே சின்னக் கியர்களுக்குப் பின்னால் இருக்கும் திரஸ்ட் வொஷர்கள் தேய்ந்திருக்கும். குழாய் அச்சில் பின் மூடியைக் கழற்றி, பக்க ஷாப்ட்களை இழுத்து, நடு ஊசியைத் தட்டி எடுத்தால் அந்தக் கியர்களைச் சுழற்றி வெளியே எடுக்கலாம். ஷிம், பினியன் எதுவும் அசையாது. இது தெரியாமல் எத்தனை நல்ல அச்சுகள் பாழாகின!

ஜக்கில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே போவது

வேண்டாம். எங்கள் மணல் தரையில் அறவே வேண்டாம்.

அச்சு தொங்கும்போது ஸ்பிரிங் புஷ்ஷை இறுக்குவது

காரை உயர்த்தி அச்சைத் தொங்கவிட்டபடியே, ஸ்பிரிங்கின் முனையைக் காரோடு பூட்டும் ஷக்கிள் போல்ட்களை இறுக்கிவிடுகிறார்கள். அங்கே இருக்கும் புஷ் என்ற ரப்பர் உறை அந்த நிலையிலேயே பிடிபட்டு நிற்கும். கார் இறங்கிப் பாரம் ஏறியதும் ரப்பர் முறுகிக் கிழியும். புதுப் புஷ் போட்டும் சத்தம் வருகிறது என்று உரிமையாளர் திரும்பி வருவார். கையால் மட்டும் பூட்டி, காரை நிலத்தில் இறக்கி, இரண்டொரு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, அப்புறம் இறுக்குங்கள்.

புஷ்ஷுக்கு என்ஜின் ஒயில்

ரப்பர் ஊதிக் கெடும். ஊற்றாதீர்கள்.

எல்லாக் காருக்கும் ஒரே வைத்தியம்

எம்ஜிபியில் பழகிய கையோடு இன்னொரு இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரான ட்ரையம்ப் டிஆர் 6இன் கீழே போனால் குழம்பிப்போவீர்கள். அங்கே டிபரன்ஷல் அச்சோடு சேர்ந்து அசையாது, சேசியில் பூட்டப்பட்டிருக்கும். அதைத் தாங்கும் ஊசிகள் சேசியோடு ஒட்டிய இடத்தில் வெடிப்பது அந்தக் காரின் பிரபலமான நோய். கிளட்சை விட்டால் டிபரன்ஷல் முழுவதும் மூக்கைத் தூக்கித் தட்டும். அதே ட்ரையம்பின் ஸ்பிட்ஃபயரில் ஒரே ஸ்பிரிங்தான், குறுக்காக டிபரன்ஷலின் மேல் கிடக்கும். சக்கர பேரிங்கின் உறுமல் அங்கே வழக்கமான முறைப்பாடு.

மாரி வெள்ளத்துக்குப் பிறகு ஒயிலைப் பார்க்காதது

கார்த்திகை, மார்கழி மாரியில் வீதியில் தண்ணீர் நிற்கும். ஓடிச் சூடேறிய அச்சு அதில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கும்போது அச்சின் காற்றுத் துளையான பிரீதர் வழியாகவும் பழைய சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிவிடும். பிரீதர் அடைபட்டிருந்தால் வேறு வினை: சூட்டில் அழுத்தம் கூடி ஒயில் சீலைத் தாண்டிப் பிரேக் டிரம்முக்குள் போகும். வெள்ளத்தில் ஓடிய கார் வந்தால் முதலில் பிளக்கைத் திறந்து ஒரு துளி ஒயிலை விரலில் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த நிறம் என்றால் முழுவதையும் வடித்து, புது ஹைப்பொயிட் 90 கியர் ஒயில் ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, இன்னொரு தடவை வடித்து மாற்றுங்கள். பிரீதரைக் கழற்றி ஊதித் துப்புரவு செய்ய மறக்க வேண்டாம்.