அடைப்பு எடுத்த பிறகு முதல் 2 நாள்

"பலூன் போட்டாச்சு, இனி பயமில்லையே மிஸ்ஸி?" பினாங்கில் இதய வார்டில் 20 வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன்; இதைக் கேட்காத குடும்பம் இல்லை. மாரடைப்பில் அடைபட்ட இதய ரத்தக்குழாயைப் பலூன் திறந்துவிட்டது உண்மை. இதயத் தசை இன்னும் அடிபட்டுத்தான் கிடக்கிறது.

ரத்தமில்லாமல் தவித்த தசைக்குள் திடீரென்று ஆக்சிஜன் பாயும்போது செல்லைச் சிதைக்கும் ஃப்ரீ ரேடிக்கல்கள் பொங்குகின்றன, செல்லுக்குள் கால்சியம் நிரம்புகிறது. பிழைத்திருக்க வேண்டிய செல்களும் சில அதில் செத்துப்போகும். நுண்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொண்டால், பெரிய குழாய் திறந்திருந்தும் ரத்தம் உள்ளே போய்ச் சேராது. அதற்குப் பயந்து திறக்காமல் விடவும் முடியாது. விட்டால் அந்தப் பகுதியே போய்விடும்.

அதனால் பக்கத்தில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மானிட்டரில் கோடு திடீரென்று அகலமாகி வேறு தாளத்தில் ஓடலாம். ஓர் அம்மா அதைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரும்பாலும் அது ரத்தம் திரும்பியதன் அடையாளம், தானே அடங்கிவிடும். ஆனால் ஆபத்தான துடிப்பும் இந்த நேரத்தில்தான் வரும். நெஞ்சில் ஒட்டிய ஒயரைக் கழற்ற விடாதீர்கள். ஓர் அங்கிள் "நல்லாத்தானே இருக்கேன்" என்று ஒயரை உருவிவிட்டுக் கழிப்பறைக்கு நடந்தார். கதவருகே சரிந்தார். ஷாக் கொடுத்துத்தான் மீட்டோம்.

மறுபடி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை என்றால் உடனே மணியை அடியுங்கள். வாயு என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

முதல் எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், இதயம் சோர்ந்து தெரிந்தால் மனம் உடையாதீர்கள். மரத்துப்போன தசை சில நாளில், சில வாரத்தில் மீளக்கூடும். டாக்டர் சொல்லும் தேதியில் மறுபடி எக்கோ எடுங்கள்.

ரத்தம் திரும்பும்போது வரும் இந்தச் சேதத்தைக் குறைப்பதில் விலங்குகளிடம் பலன் காட்டிய சைக்ளோஸ்போரின் என்ற மருந்து, 2015இல் வெளிவந்த பெரிய ஆய்வில் நோயாளிகளுக்கு உதவவில்லை. பாட்டில் பாட்டிலாக வைட்டமின் வாங்கி வந்தும் பயனில்லை. சேதத்தைக் குறைக்க உங்கள் கையில் இருப்பது நேரம்தான். வலி வந்தால் நீங்களே காரோட்டிப் பினாங்குப் பாலம் தாண்டாமல் ஆம்புலன்ஸுக்கு 999ஐ அழையுங்கள். எத்தனை மணிக்கு வலி தொடங்கியது என்று குறித்து வாருங்கள். ஒருவருடைய மனைவி பெட்ரோல் ரசீதின் பின்பக்கம் "4.10" என்று கிறுக்கிக் கொண்டுவந்தார். டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.