உடல் விறைப்பதை வைத்து நேரம் சொல்லாதீர்கள்: தில்லிக் கோடையும் தில்லிக் குளிரும்

தில்லித் தமிழர் வீட்டில் சாவு விழுந்தால் காத்திருப்பு நீண்டுவிடும். மகன் பெங்களூரிலிருந்து வர வேண்டும். தம்பி திருச்சியிலிருந்து விமானம் பிடிக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் விறைப்பைப் பற்றி ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.

உயிர் போனதும் தசைகள் முதலில் தளரவே செய்யும். கோத்த தசை இழைகளைப் பிரித்துவிட ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். அது தீர்ந்ததும் ஆக்டின், மையோசின் என்ற தசைப் புரத இழைகள் பிடித்த பிடியிலேயே நின்றுவிடும். அதுதான் ரிகர் மார்ட்டிஸ். வேதிவினை என்பதால் சூட்டில் வேகமாகவும் குளிரில் மெதுவாகவும் நடக்கும். இமை, தாடை, கழுத்தில் முதலில் தெரியும், கால் கடைசி.

பெரிய தவறு, எல்லாப் பருவத்துக்கும் ஒரே கணக்கு வைப்பது. 12 மணி நேரத்தில் விறைக்கும், 12 மணி நேரம் நிற்கும், அடுத்த 12-இல் விடும் என்பது ஒரு தோராயம், அவ்வளவே. வட இந்தியாவில் விறைப்பு நீடிப்பது கோடையில் 18 முதல் 36 மணி நேரம், குளிர்காலத்தில் 24 முதல் 48 மணி நேரம் என்று இந்தியத் தடயவியல் பாடநூல்கள் சொல்கின்றன. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஜனவரி இரவு 5 டிகிரிக்கு அருகில் இறங்கும் ஊரில், இந்த வித்தியாசம் இயல்புதான். அதிலும் காலண்டரை நம்ப முடியாது. ஜனவரியிலேயே ஹீட்டர் ஓடும் அறையில் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் இருக்கும் உடல் வேறு, ஜன்னல் திறந்த அறையில் வெறுந்தரையில் கிடக்கும் உடல் வேறு. சாகுமுன் கடும் காய்ச்சலோ வலிப்போ இருந்திருந்தால் விறைப்பு இன்னும் சீக்கிரம் வரும்.

இது தெரியாமல், "இவ்வளவு விறைச்சுப் போயிருக்கே, ராத்திரியே போயிருக்கணும். பக்கத்து ரூம்ல இருந்தும் நீ பார்க்கலையா?" என்று மருமகளைக் கேட்கிற நாத்தனார்கள் இருக்கிறார்கள். மருத்துவர்களே விறைப்பை மட்டும் வைத்து நேரம் சொல்வதில்லை. உடல் சூடு, ரத்தம் தேங்கிய நிறம், அறையின் வெப்பம் எல்லாம் பார்ப்பார்கள். அப்போதும் சில மணி நேரம் முன்பின் என்றுதான் சொல்வார்கள்.

அடுத்தது ஃப்ரீசர் பெட்டி. வந்தவுடன் உடலை அதில் வைத்துவிட்டு, பெரியவர்கள் வந்து வாய்க்கட்டு கட்டட்டும் என்று விடுகிறார்கள். குளிர் விறைப்பை மெதுவாக்கும். வந்த விறைப்பை நீண்ட நேரம் விடாமலும் வைத்திருக்கும். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிடும். இயற்கை மரணம்தான் என்று மருத்துவர் உறுதி செய்ததும் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, கையை நேராக்கிவிட வேண்டும். பெட்டி அதற்குப் பிறகுதான். மே மாதத்தில் ஓரிரு மணி நேரத்துக்குள்ளேயே தாடை இறுகத் தொடங்கலாம். நம் பாட்டிமார் கையோடு கையாக இதைச் செய்தது சும்மா இல்லை. விபத்து, தற்கொலை, சந்தேகம் என்றால் எதையும் தொடக்கூடாது, 112-ஐ அழையுங்கள். உடல் கிடக்கும் நிலையே சாட்சி.

விறைத்த பிறகு குளிப்பாட்டுவதற்காகக் கையை வலுவாக மடக்காதீர்கள். வயதானவர்களின் எலும்பு முறிந்துவிடும்.

உடல் மறுபடி நெகிழ்ந்ததும் "உயிர் இருக்குமோ" என்று பதறுவதும் உண்டு. தசைப் புரதம் சிதையத் தொடங்கியதால் பிடி விட்டிருக்கிறது; கோடையில் இது சீக்கிரம் வரும். உறைநிலைக்குக் கீழே வைத்த உடலின் இறுக்கமோ வேறு வகை. அது உடலின் நீர் உறைந்ததால் வருவது. விறைக்கும் முன்பே உறைந்திருந்தால், உருகிய பின் உண்மையான விறைப்பு வேகமாக வரும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு தெருவில் நடக்கிறது. ஜனவரி விடியலில் நடைபாதையில் விறைத்துக் கிடப்பவரைப் பார்த்ததும் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கடுங்குளிரில் உடல் வெப்பம் மிகவும் இறங்கியவருக்கும் தசை இறுகும், நாடி கைக்கே தட்டாது, மூச்சு தெரியாது. உயிர் இருக்கலாம். ஈரத் துணியை மெதுவாக மாற்றி, கம்பளி போர்த்தி, அதிகம் அசைக்காமல் 112-ஐ அழையுங்கள். உடலைச் சூடேற்றிப் பார்க்காமல் மருத்துவர்களே பெரும்பாலும் மரணத்தை அறிவிக்கத் தயங்கும் நிலை அது.