யானைமலையை விடியலில் படம் எடுப்பது: புதிதாகக் கேமரா பிடிப்பவர்களுக்கு

மதுரையிலிருந்து மேலூர் சாலையில் போனால், ஒத்தக்கடைப் பக்கம் இடது கையில் யானைமலை கூடவே வரும். ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளத்துக்கு, யானை படுத்துக் கிடப்பது போன்ற பாறை. கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிவது, வண்டியை நிறுத்தி எடுத்த படத்தில் சப்பையான ஒரு சாம்பல் கோடாகச் சுருங்கிவிடுகிறது. இதற்கும் கேமராவின் விலைக்கும் சம்பந்தமில்லை. போன நேரமும் நின்ற இடமும்தான் காரணம். கேமராவோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸும் (18இல் காட்சி அகலமாகும், 55இல் தூரத்துப் பொருள் பெரிதாகும்) ஒரு ட்ரைபாடும் இதற்குப் போதும்.

1. வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பாருங்கள்

மலை வடகிழக்கு-தென்மேற்காக நீண்டு கிடக்கிறது. சாலையைப் பார்த்த முகத்தில் காலை வெயில் படும் என்பதால் விடியலில்தான் போக வேண்டும். மாலையில் அதே முகம் நிழலாகிவிடும்.

மாதமும் முக்கியம். ஆனியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து 23, 24 டிகிரி வடக்கே தள்ளி எழும். மார்கழியில் அதே அளவு தெற்கே தள்ளி எழும். ஆனி வெயில் மலையின் நீளவாட்டில் உரசிக்கொண்டு வருவதால் பாறையின் ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் விழுந்து, உருண்டை திரண்டு தெரியும். மார்கழி வெயில் கிட்டத்தட்ட முகத்துக்கு நேராக அடிக்கும். நிறம் நன்றாக வரும், ஆனால் பாறை தட்டையாகிவிடும். அந்த மாதங்களில் பனிமூட்டத்தை நம்பிப் போவதே நல்லது.

மதுரையில் சூரிய உதயம் ஏறக்குறைய 6 மணிக்கும் 6:40க்கும் இடையில் மாறும். அரை மணி நேரம் முன்னதாகவே இடத்தில் இருங்கள். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக ஏறுவதால் பொன்வெயில் நீடிக்காது. 40 நிமிடத்தில் வெளுத்துவிடும்.

2. முந்தின இரவு

பேட்டரி, மெமரி கார்டு, லென்ஸ் துடைக்கும் துணி. ஏசி அறையில் கேமராவை வைக்காதீர்கள். குளிர்ந்த லென்ஸ் வெளிக்காற்று பட்டதும் வேர்த்துப்போகும். துடைக்கத் துடைக்கத் திரும்பப் படியும். ஏசியில் இருந்துவிட்டால், பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள்.

3. நிற்கும் இடம்

பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான்.

முதலில் சாலையை விட்டு இறங்குங்கள். மின்கம்பியும் விளம்பரப் பலகையும் இல்லாத வயல்பக்கம் கொஞ்ச தூரம் நடந்தாலே காட்சி மாறும். வரப்பில் நடக்கும்போது ஓரத்தை மிதித்து உடைக்காதீர்கள்; வயலில் ஆள் இருந்தால் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அடுத்து, மலைக்கு முன்னால் ஒரு பொருளைத் தேடுங்கள். பனைமரம், வரப்பின் வளைவு, கண்மாய்க் கரை, எதுவானாலும் சரி. ஒன்று போதும்.

இப்போது ஒரு பனையை வைத்துச் செய்து பாருங்கள். மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று 18 மி.மீ.யில் ஒரு படம். பிறகு மரத்திலிருந்து 60 மீட்டர் தூரம் வரும்வரை பின்னால் போய் 55 மி.மீ.யில் இன்னொன்று. இரண்டிலும் பனை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். மலை மட்டும் இரண்டாவது படத்தில் மூன்று மடங்கு பெரிதாக எழுந்து நிற்கும். நீங்கள் பின்னால் போன 40 மீட்டர் பனைக்குப் பெரிய தூரம், தொலைவில் இருக்கும் மலைக்கு ஒன்றுமே இல்லை, அதனால்தான் இப்படி. மலை சிறுத்துப்போகிறது என்று கவலைப்படுகிறவர்கள் முன்னால் ஓடுகிறார்கள். பின்னால்தான் போக வேண்டும்.

பிறகு இடவலமாக நகர்த்திப் பாருங்கள். பனை யானையின் தலைக்கு நேரே வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு இரண்டுமே கெடும். நாலு அடி விலகினால், மரத்துக்கும் மலைக்கோட்டுக்கும் நடுவே வானம் தெரியும். அந்த இடைவெளி கிடைக்கும்வரை நகருங்கள். வானத்தில் மேகம் இல்லையென்றால் அதற்குப் படத்தில் கால்பங்குக்கு மேல் இடம் தராதீர்கள்.

நாற்று நட்ட புதிதில் வயலில் தண்ணீர் கண்ணாடி போல நிற்கும். பயிர் அடர்ந்ததும் போய்விடும். தண்ணீர் நிற்கும் நாட்களில் கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். உயரம் மூன்றில் ஒரு பங்கானால், உச்சியின் பிம்பமும் மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே விழும். எதிர் வரப்பு வருவதற்குள் முழு மலையும் தண்ணீரில் அடங்கும். போலரைசர் ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், அது பிம்பத்தையே தின்றுவிடும்.

4. ட்ரைபாட்

ஈர மண்ணில் கால்களை அழுத்திப் புதைத்த பிறகு மட்டத்தைச் சரிபாருங்கள். ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையில் இருக்கட்டும். லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் அணைத்துவிட்டு, 2 விநாடி டைமரில் எடுங்கள்.

5. அளவுகள்

அபர்ச்சர் ப்ரையாரிட்டி (லென்ஸ் துவாரத்தை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறை), துவார அளவு எஃப் 8, வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 100. நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை 'டேலைட்'டில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தப் பொன்னிறத்தைக் குறை என்று நினைத்துத் திருத்திவிடும். கேமரா திருத்தாத மூலமான 'ரா' கோப்பாகவும் சேமியுங்கள்.

கிராப் சென்சர் (35 மி.மீ. ஃபிலிமை விடச் சிறிய சென்சர்) கேமராவில் 18 மி.மீ., எஃப் 8 என்றால், 2 மீட்டருக்குச் சற்று அப்பால் ஃபோகஸ் செய்தால் போதும்; ஒரு மீட்டரில் இருக்கும் புல்லிலிருந்து மலை வரை தெளிவாக இருக்கும். 55 மி.மீ.யில் இந்தக் கணக்கு செல்லாது. 60 மீட்டரில் நிற்கும் பனையிலேயே ஃபோகஸ் செய்யுங்கள், மலையும் தெளிவாக வரும்.

காற்றில் பயிர் ஆடினால் ட்ரைபாட் உதவாது. ஷட்டர் வேகம் 1/125 விநாடிக்கு வரும்வரை ஐஎஸ்ஓவை 400, 800 என்று ஏற்றுங்கள். கொஞ்சம் பொரிப்பொரியாக இருந்தாலும் பரவாயில்லை, கலங்கிய பயிரைப் பிறகு சரிசெய்ய முடியாது.

6. வெளிச்சம்

எடுத்ததும் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகப் பரவியிருப்பதைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். வலது ஓரத்தில் முட்டி நின்றால் வானம் வெளுத்துப்போயிற்று என்று அர்த்தம். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 0.7க்கு இறக்கி மறுபடி எடுங்கள். இருண்ட வயலைக் கணினியில் ஓரளவு மீட்கலாம். வெளுத்த வானத்தில் மீட்பதற்கு எதுவும் இருக்காது. மூட்டம் நிறைந்த காலையில் இதற்கு நேர்மாறு: கேமரா எல்லாவற்றையும் அழுக்குச் சாம்பலாக்கும், பிளஸ் 0.7 கொடுங்கள்.

7. கொக்கு வந்தால்

பச்சை வயலில் வெள்ளைக் கொக்கு சிறியதாக இருக்கும்போது, கேமரா இருட்டான வயலைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். இறகு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். மைனஸ் 1 வையுங்கள். நிற்கும் கொக்குக்கு 1/500, பறந்தால் 1/2000, ஃபோகஸ் தொடர் முறையில். கொக்கின் கண் உயரத்துக்கு உட்கார்ந்து எடுங்கள். பறவை பார்க்கும் பக்கம் இடம் விடுங்கள்.

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் மேலூர்ப் பக்கம்தான். அங்கே வல்லூறுகளுக்கும் இதே 1/2000தான். பாறையில் கூடு தெரிந்தால் கிட்டே போகாதீர்கள். தாய் எழுந்து போனால் முட்டை வெயிலில் கிடக்கும்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு

அல்ட்ராவைடு வேண்டாம், அது மலையை இன்னும் சுருக்கும். 1x லென்ஸில், மலையின் வெயில் பட்ட இடத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சக் கோட்டைச் சற்றே கீழே இழுங்கள். அதற்கு முன்னால், பையில் கிடந்த லென்ஸைத் துடைத்துவிடுங்கள். விரல் எண்ணெய் படிந்திருந்தால் சூரியனைச் சுற்றிப் புகைபோல ஒரு மங்கல் வரும். பலர் அதைப் பனிமூட்டம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.