பூல் (pool) மேசைத் துணியை மீட்ட கதை

கல்லடியில், கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. கூடத்தில் நிற்கும் பூல் மேசை, கோலால் பந்தை அடித்துக் குழிக்குள் விழுத்தும் ஆட்டத்து மேசை, பழையதுதான், ஆனால் எனக்கு அது உயிர். போன மார்கழி மழைக்குள் மேசையில் விரித்த துணி முழுக்க, கோல் நுனியில் பூசும் நீலச் சோக்கின் தூள் படிந்து, பந்து இழுபட்டு ஓடியது. அவசரத்தில் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துவிட்டேன். அதுதான் பிழை. தூள் தண்ணீரோடு நூலுக்குள் இறங்கி, உள்ளங்கை அளவில் நீலத் திட்டு ஒன்று நின்றது. துணியில் பெரும்பங்கு கம்பளி, மிச்சம் நைலோன். குடித்த தண்ணீரை லேசில் விடாது.

ஈரத்தை ஒற்றி எடுத்து, மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் விட்டேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் குதிரைமயிர் பிரஷை எடுத்தேன். ஒரே திசையில், அழுத்தாமல். வட்டமாகத் தேய்த்தால் தூள் திரும்பவும் உள்ளேதான் போகும். குஷனுக்கு, அதாவது பந்து மோதித் திரும்பும் மேசை ஓரத்து ரப்பருக்கு, அடியில் விரலை விட்டுப் பார்த்தேன், நகமெல்லாம் நீலம்! அதற்கு வக்யூம்தான் சரி. சுழலும் பிரஷ் இல்லாத முனையைப் போட்டு மெதுவாக இழுத்தேன். கடைசியில் ஒட்டப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியதில் திட்டு முக்கால்வாசி போனது.

வெள்ளைப் புள்ளிகள் மட்டும் போகவில்லை. அவை அழுக்கில்லை, பந்து உரசிய சூட்டில் இழை சுட்ட தடம்.

இப்போது ஆட்டம் முடிந்ததும் பிரஷ், பிறகு போர்வை. பந்துகளையும் கிழமைக்கு ஒருக்கா துடைக்கிறேன், அதில் ஒட்டிய சோக்தானே திரும்பத் துணிக்கு வருகிறது. கடற்கரையால் வரும் பொடியன்கள் கை கழுவாமல் மேசையைத் தொட விடுவதில்லை. மணல் துணியை அறுத்துவிடும்.