ஆத்தங்குடி டைல்ஸ் கடைக்கு வெப்சைட்: விக்ஸா, ஏஐயா?

காரைக்குடிப் பக்கம் டைல்ஸ் பட்டறை, கண்டாங்கிச் சேலைக்கடை, பலகாரக்கடை நடத்துபவர்கள் பலரும் சறுக்கும் இடம், வெப்சைட் போடும்போது முதல் மாதச் செலவை மட்டும் பார்ப்பது. விக்ஸ் மாதிரி, நாமே தளம் அமைத்துக்கொள்ளும் ரெடிமேட் கருவிகளுக்குக் கட்டும் சந்தாவுக்குள் சர்வர் (தளம் ஓடும் கணினி), எஸ்எஸ்எல் (தளத்துக்கு வந்துபோகும் தகவலைப் பூட்டி அனுப்பும் பாதுகாப்பு), பாதுகாப்பு அப்டேட் எல்லாம் அடங்கிவிடும். சாட்ஜிபிடி மாதிரி ஏஐயிடம் கேட்டால் அது எழுதித் தருவது கோட் (தளத்தை இயக்கும் நிரல்) மட்டும். அதை ஏற்றிவைக்கும் இடம், பேக்கப், பராமரிப்பு அத்தனையும் உங்கள் தலையில். ஆனால் விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு சர்வருக்குக் கொண்டுபோக முடியாது. உங்கள் சர்வரில் நிறுவிய வேர்ட்பிரஸ் (தளம் அமைக்கும் இலவச மென்பொருள்) என்றால் முடியும். எதில் கட்டினாலும் டொமைன் (தளத்தின் இணைய முகவரி) உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும். செய்து கொடுக்கும் பையன் பெயரில் வேண்டாம்.

படம், விலை, வாட்ஸ்அப் பட்டன் போதுமென்றால் ஏஐ பக்கமே போக வேண்டாம். எத்தனை டைல்ஸ் வேண்டும் என்று தளமே கணக்குப் போட்டுக் காட்டுவது மாதிரியான இடத்தில்தான் அதற்கு வேலை. 10 அங்குலச் சதுர டைல்ஸ் 100 சதுர அடிக்கு 144 பிடிக்கும். உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 151.2. கோடில் சாதாரண ரவுண்டிங் இருந்தால் 151 என்று காட்டும். மேல்பக்கமாக ரவுண்ட் செய்யச் சொன்னால்தான் 152 வரும். ஒன்றுதானே என்று விட முடியாது: கையால் வார்க்கும் சரக்கு, பிறகு வாங்கும் ஒரு கல் பழைய நிறத்தோடு சேராமல் போகலாம். அதே 100 சதுர அடியை 8 அங்குல டைல்ஸுக்கும் ஓட்டிப் பாருங்கள். உடைசலோடு 237 வர வேண்டும்.

பணம் வாங்கும் பகுதியில் இன்னும் கவனம் தேவை. ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் ரேசர்பே சேவைக்குத் தொகையைப் பைசாவில் அனுப்ப வேண்டும்: 500 ரூபாய்க்கு 50000. கோட் வெறும் 500 என்று அனுப்பினால் வாடிக்கையாளரிடம் 5 ரூபாய்தான் வசூலாகும். அந்தச் சேவை தரும் ரகசியக் கீயை (பாஸ்வேர்டு மாதிரி) பிரவுசரில் ஓடும் கோடில் வைக்கவே கூடாது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அது சர்வரில்தான் இருக்க வேண்டும்.

ஒன்றைச் சரிசெய்யப் போய் ஓடிக்கொண்டிருந்த இன்னொன்றை ஏஐ கெடுப்பது சகஜம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன், கோடின் பழைய நிலைகளைச் சேமித்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் ஒரு கமிட் போட்டால், அதாவது அப்போதைய நிலையைப் பதிந்துவைத்தால், ஒரே கட்டளையில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த விலைப்பட்டியலை ஒட்டினால், விக்ஸ், ஏஐ இரண்டு வழியிலும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். முதலில் எல்லாக் கருவியிலும் தமிழ் சரியாகத் தெரியும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றுங்கள். மாற்றியபின் விலைகளை ஒருமுறை கண்ணால் சரிபார்த்துவிடுங்கள்.